மீளப் பயன்படும் மருத்துவக் கருவிகளும் தொற்றும்: எழுவான்கரையிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கு நோக்கிக் கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தொலைவில், குருக்கள்மடத்தை அடுத்து அமைந்துள்ளது செட்டிபாளையம். கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே மட்டக்களப்பு வாவி. இவ்விரு நீர்ப்பரப்புகளுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்தையே இப்பகுதி மக்கள் எழுவான்கரை என்பர். வாவிக்கு அப்பால் நெல்வயல்களோடு பரந்து கிடப்பது படுவான்கரை. மருத்துவக் கருவிகளைப் பற்றிய ஒரு கட்டுரையின் தொடக்கத்தில் இவ்வூரை நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. கருவிகளிலிருந்து கிருமிகளை நீக்குதல் பற்றிய நூல்களிற் பெரும்பாலானவை, குறைவற்ற நன்னீரும் தடைப்படாத மின்சாரமும் உலர்ந்த களஞ்சிய அறையும் உள்ள ஒரு வைத்தியசாலையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. மணற்கிணற்று நீரும், கடற்காற்றின் உப்பும், மாரியின் ஈரமும் சூழ்ந்த ஒரு கரையில் அதே விதிகள் எவ்வாறு செயற்படும் என்பது தனியாக ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.

இப்பகுதியில் அறுபது வயதைக் கடந்தோரிடம் ஊசிமருந்து பற்றிக் கேட்டால், அவர்கள் நினைவுக்கு முதலில் வருவது மருந்தல்ல. மண்ணெண்ணெய் அடுப்பும் அதன்மேற் கொதித்துக்கொண்டிருந்த சிறு உலோகத் தட்டமுமே. அத்தட்டத்தினுள்ளே கண்ணாடிப் பீச்சுகுழலும் இரண்டு மூன்று ஊசிகளும் கிடக்கும். அப்போதிக்கரி ஐயா இடுக்கியால் அவற்றை எடுத்துப் பொருத்துவார். ஊசி மழுங்கியிருந்தால் கல்லிலே தீட்டிக் கூராக்குவதும் உண்டு. நீர் கொதித்தது என்றால் கருவி தூயதாயிற்று என்ற நம்பிக்கை மக்களிடையே இவ்வாறுதான் வேரூன்றியது. இந்நம்பிக்கை முற்றிலும் பிழையானதன்று. எனினும், அது பாதி உண்மை. பாதி உண்மைகள் மருத்துவத்திற் செய்துள்ள தீங்கு சிறிதன்று.

சாதாரண வளியமுக்கத்தில் நீர் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும். அவ்வெப்பநிலையிற் சில நிமிடங்கள் கிடந்தால் வளர்நிலையிலுள்ள பற்றீரியாக்களும் பெரும்பாலான வைரசுக்களும் அழியும். ஆனால் ஏற்புவலியையும் வாயு அழுகலையும் உண்டாக்கும் பற்றீரியாக்கள், சூழல் பாதகமாகும்போது வித்தி என்னும் கடினமான உறைநிலையை அடைகின்றன. கொதிநீர் அவற்றை நம்பத்தகுந்த வகையில் அழிப்பதில்லை. இவை எங்கோ ஆய்வுகூடத்தில் மட்டும் உள்ள உயிரிகள் அல்ல; மண்ணிலும் சாணத்திலும் நிறைந்திருப்பவை. வயலும் மாட்டுப்பட்டியும் சூழ்ந்த படுவான்கரையிலிருந்து வரும் ஒருவரின் காற்காயத்தில் அவை இருப்பது வியப்பன்று.

வித்திகளை ஒரு புறம் வைப்போம். கொதிநீரின் எளிய காவலும் எவ்வாறு முறிகின்றது என்பதற்கு எகிப்து நாட்டின் வரலாறு துயரமான சான்றாக உள்ளது. நைல் நதிக்கரை உழவர்களைப் பன்னெடுங்காலமாக வாட்டிய நோய் சிசுற்றோசோமியாசிசு. நீர்நத்தைகளின் வழியாகப் பரவும் ஒட்டுண்ணியால் அது ஏற்படுகின்றது. அதனை ஒழிப்பதற்காக, 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை எகிப்திய அரசு நாடு தழுவிய இயக்கம் ஒன்றை நடத்தியது. அன்றிருந்த மருந்து அந்திமனி உப்பு ஒன்றாகும். அதனை நாளத்தினூடாகப் பல தடவை ஏற்ற வேண்டியிருந்தது. கிராமத்தவர் வரிசையில் நின்றனர்; கண்ணாடிப் பீச்சுகுழல்கள் கைமாறின; ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே அவை போதிய நேரம் கொதிக்கவில்லை. அவ்வரிசைகளில் ஒருவரின் குருதியிலிருந்து மற்றவரின் குருதிக்குச் சென்றது, ஈரலைத் தாக்கும் சி வகை வைரசு. அவ்வைரசு இனங்காணப்பட்டதே 1989ஆம் ஆண்டிற்றான். இவ்வியக்கத்துக்கும் நாட்டில் அவ்வைரசு பரவியமைக்கும் இடையிலான தொடர்பை விளக்கும் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2008இல் நடத்தப்பட்ட தேசிய மதிப்பீட்டில், 15 முதல் 59 வயது வரையான எகிப்தியருள் 14.7 வீதத்தினரின் குருதியில் அவ்வைரசுக்கெதிரான பிறபொருளெதிரிகள் காணப்பட்டன.

இதில் ஒரு தனி ஊழியரைக் குற்றஞ்சாட்டுவதிற் பயனில்லை. நன்னோக்குடைய ஓர் அரசு, உண்மையான ஒரு நோயை ஒழிக்க முற்பட்டு, ஒரு நாளில் எத்தனை பேருக்கு ஊசி ஏற்றப்பட்டது என்பதை மட்டும் எண்ணியது. அந்த ஊசி எவ்வளவு நேரம் கொதித்தது என்பதை எண்ணும் ஏற்பாடு இருக்கவில்லை. மீளப் பயன்படும் கருவிகளால் ஏற்படும் தொற்றுகளை ஆராய்ந்து செல்லும்போது இதே கதை வெவ்வேறு உருவங்களில் எதிர்ப்படுவதைக் காணலாம். கருவியை மீளப் பயன்படுத்துதல் தன்னளவில் ஆபத்தானதன்று. உலகின் மிகச் சிறந்த சத்திரசிகிச்சைக் கூடங்களிலும் கத்தரிகளும் இடுக்கிகளும் ஆயிரக்கணக்கான தடவை மீளப் பயன்படுகின்றன. ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையே உள்ள நேரத்தில் அக்கருவிக்கு என்ன நிகழ்கின்றது, அதனை நிகழ்த்துபவர் யார், அவருக்கு என்ன வசதி தரப்பட்டுள்ளது என்பனவற்றிலேயே ஆபத்தும் பாதுகாப்பும் தங்கியுள்ளன.

அவ்விடைவேளையின் முதற் செயல் கழுவுதல். எளிய செயலாகத் தோன்றுவதாலேயே அது மிகக் குறைந்த கவனத்தைப் பெறுகின்றது. துப்புரவாக்கல், தொற்றுநீக்கல், கிருமியழித்தல் என மூன்று சொற்கள் இத்துறையில் வழங்குகின்றன. கண்ணுக்குத் தெரியும் அழுக்கையும் குருதி முதலிய உயிர்ப்பொருள்களையும் அகற்றுவது துப்புரவாக்கல். வித்திகளைத் தவிர்த்துப் பெரும்பாலான நுண்ணங்கிகளை அழிப்பது தொற்றுநீக்கல். வித்திகள் உட்பட யாவற்றையும் அழிப்பது கிருமியழித்தல். பேச்சு வழக்கில் இம்மூன்றையும் நாம் ஒன்றாகவே கருதிவிடுகின்றோம். பின்னவை இரண்டும் முன்னதன்மேற் கட்டப்பட்டவை என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். உலர்ந்த குருதி, புரதத்தாலான ஒரு கவசம். அதன் அடியில் இருக்கும் நுண்ணங்கியைத் தொற்றுநீக்கியும் எட்டாது; நீராவியும் உரிய நேரத்திற்குள் எட்டாமற் போகலாம்.

மீன் அறுத்த கத்தியை வெந்நீரிற் கழுவும் வழக்கம் வாவிக்கரை வீடுகளில் இல்லை. முதலிற் குளிர்ந்த நீர். பின்னர் சாம்பலோ சவர்க்காரமோ. வெந்நீர் பட்டால் செதிலும் குருதியும் கத்தியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை அனுபவம் கற்பித்துள்ளது. முட்டையின் வெண்கரு வெப்பத்தால் இறுகுவது போலவே குருதிப் புரதமும் இறுகும் என்பது இதன் விஞ்ஞான விளக்கம். சத்திரசிகிச்சைக் கருவிகளுக்கும் விதி இதுவே. குருதி உலர்வதற்கு முன்னரே குளிர்ந்த அல்லது இளஞ்சூடான நீரிலே நனைத்தல், உரிய சோப்பு நீர்மத்தில் அமிழ்த்துதல், நீர்மட்டத்திற்குக் கீழே வைத்துத் தூரிகையால் தேய்த்தல், பின்னர் அலசுதல். நீர்மட்டத்திற்குக் கீழே என்பது கருதத்தக்கது. மேலே வைத்துத் தேய்த்தால் துளிகள் தேய்ப்பவரின் கண்ணிலும் வாயிலும் தெறிக்கும். கத்தரியினதும் இடுக்கியினதும் மூட்டுகளைத் திறந்து தேய்க்க வேண்டும். குழாய் வடிவான கருவியாயின் உட்புறமும் தூரிகை சென்று வர வேண்டும். அதன் உட்புறத்தைக் காண முடியாது. தேய்க்கப்பட்டதா என்பதும் தேய்த்தவருக்கு மட்டுமே தெரியும்.

இவ்விடத்தில் ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிச் சொல்லாமற் செல்ல முடியாது. பயன்படுத்திய கருவிகளை முதலில் 0.5 வீதக் குளோரீன் கரைசலில் இட்டு, அதன் பின்னரே கழுவ வேண்டும் எனப் பல்லாண்டுகளாகப் பயிற்சி நெறிகளிற் கற்பிக்கப்பட்டது. கழுவுபவரைக் காப்பதே அதன் நோக்கம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கைந்நூல் இப்பழக்கத்தைக் கைவிடுமாறு கூறுகின்றது. குருதியும் அழுக்கும் குளோரீனின் வலுவைக் கெடுத்துவிடுகின்றன. குளோரீன் உலோகத்தை அரிக்கின்றது. இட்டோம், இனி அஞ்சவேண்டியதில்லை என்ற பொய்யான துணிவும் ஏற்படுகின்றது. கழுவுபவரைக் காக்க வேண்டியவை தடித்த இறப்பர்க் கையுறை, முன்மறைப்பு, முகக்காப்பு, ஈரலழற்சி பி வகைக்கான தடுப்பூசி ஆகியவையே. கரைசலோ மலிவானது, இவை செலவு மிக்கவை. பழக்கம் இவ்வளவு காலம் நீடித்தமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என எண்ணத் தோன்றுகின்றது.

தொற்றுநீக்கித் திரவங்களின்மீது நாம் கொண்டுள்ள பற்று வேறு வகையிலும் ஆராயத்தக்கது. ஒரு போத்தலின் மணமும் நிறமும் தூய்மையின் அடையாளங்களாகிவிடுகின்றன. ஆனால் 1951ஆம் ஆண்டிலேயே, செற்றிமைட்டு என்னும் தொற்றுநீக்கிக் கரைசல் இருந்த போத்தல்களில் சூடோமோனசுப் பற்றீரியா வாழ்ந்து பெருகியமை பிரித்தானியாவில் அவதானிக்கப்பட்டது. நாட்பட்ட, நீர் கலந்து வலுக்குறைந்த கரைசல் தொற்றை நீக்குவதற்குப் பதிலாகப் பரப்பவும் கூடும். குளூட்டரல்டிகைட்டு என்னும் வலிய திரவமும் 2 வீதச் செறிவில் உயர்நிலைத் தொற்றுநீக்கத்திற்கு ஏறத்தாழ 20 நிமிடங்களும், வித்திகளை அழிப்பதற்குப் பத்து மணித்தியாலங்களும் வேண்டி நிற்பது. இப்பத்து மணித்தியாலங்களை எந்த வெளிநோயாளர் பிரிவும் காத்திருக்காது. அதன் ஆவி ஊழியரின் கண்ணையும் நுரையீரலையும் உறுத்துவது என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

எக்கருவிக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு அமெரிக்க நுண்ணங்கியியலாளர் ஏர்ல் இசுப்போல்டிங்கு வகுத்த பாகுபாடே இன்றும் அடிப்படையாக உள்ளது. உடலின் கிருமியற்ற இழையங்களுக்குள்ளோ குருதிக்குள்ளோ புகும் கருவி கிருமியழிக்கப்பட வேண்டும். சீதமென்சவ்வையோ காயமுற்ற தோலையோ தொடும் கருவிக்கு உயர்நிலைத் தொற்றுநீக்கம் வேண்டும். முழுமையான தோலை மட்டும் தொடும் குருதியமுக்கமானிப் பட்டி, இதயத்துடிப்புமானி போன்றவற்றிற்குத் துப்புரவாக்கலும் குறைநிலைத் தொற்றுநீக்கமும் போதும். நெறி எளியது. ஆனால் கருவி பொறியியலாளர் எளிய கருவிகளோடு நின்றுவிடவில்லை. வாயின் வழியாக முன்சிறுகுடல் வரை செலுத்தப்படும் அகநோக்கியின் நுனியில் சிறியதோர் உயர்த்தி உண்டு. அதன் இடுக்குகளிலே தூரிகை நுழையாது. அதன் உடலோ நீராவியின் வெப்பத்தைத் தாங்காது. லொசு ஏஞ்சலிசு நகரிலுள்ள ஒரு பல்கலைக்கழக வைத்தியசாலையில் 2014–15இல் இவ்வகை அகநோக்கிகளின் வழியாக, மருந்துகளுக்கு இலகுவிற் பணியாத பற்றீரியா எழுவருக்குத் தொற்றியது. அவர்களில் இருவரின் மரணத்தோடு அத்தொற்று தொடர்புபடுத்தப்பட்டது. தயாரிப்பாளரின் அறிவுறுத்தல்களின்படியே கருவிகள் துப்புரவு செய்யப்பட்டிருந்தன. கழுவ முடியாத வடிவத்தில் ஆக்கப்பட்ட ஒன்றை எந்த ஊழியரும் கழுவ முடியாது.

இனி நீராவிக்கு வருவோம். மூடிய கலத்தில் அமுக்கத்தை உயர்த்தினால் நீரின் கொதிநிலையும் உயரும் என்னும் உண்மையைத் தெனி பாப்பன் 1679இலேயே தன் அடுகலத்தினால் விளக்கினார். அதற்கு இருநூறு ஆண்டுகளின் பின்னர், பாச்சரோடு பணியாற்றிய சாள்சு சாம்பலன் அதனைக் கிருமியழிக்கும் கருவியாக்கினார். இன்று நாம் ஓட்டோகிளேவ் என வழங்கும் அமுக்க நீராவிக்கலன் அதுவே. வளியமுக்கத்தைவிட மேலதிகமாக ஒரு வளிமண்டல அமுக்கம் கொடுக்கும்போது நீராவி 121 பாகையை அடைகின்றது. இரண்டு வளிமண்டலம் மேலதிகமாகக் கொடுத்தால் 134 பாகை. முன்னதற்கு 15 நிமிடங்களும் பின்னதற்கு மூன்று நிமிடங்களும் அடிப்படை நேரங்கள். துணியிற் பொதிந்த கருவிகளாயின் கூடுதல் நேரம் வேண்டும். கலன் வெப்பமடையத் தொடங்கிய கணத்திலிருந்து இந்நேரம் கணிக்கப்படுவதன்று. உள்ளேயுள்ள கருவிகள் அவ்வெப்பநிலையை அடைந்த பின்னரே கணக்குத் தொடங்கும்.

நீராவியின் ஆற்றல் அதன் சூட்டில் மட்டும் தங்கியதன்று. குளிர்ந்த உலோகத்தின் மீது பட்டு நீராகும்போது அது பெருமளவு மறைவெப்பத்தை வெளிவிடுகின்றது. அவ்வெப்பமும் ஈரமும் சேர்ந்தே நுண்ணங்கியின் புரதத்தைத் திரளச் செய்கின்றன. இதனால்தான் கலனிற் சிக்கியுள்ள வளி பெரும்பகையாகின்றது. வளி நிற்கும் இடத்திற்கு நீராவி செல்லாது. அமுக்கமானியின் முள் சரியான இடத்தில் நிற்கும். பொதியின் நடுவிலோ வெப்பநிலை குறைந்தே இருக்கும். கலத்தை நெருக்கி அடைத்தல், கிண்ணங்களைக் குழிவு மேல்நோக்கி வைத்தல், மூடிய பெட்டிகளை அப்படியே இடுதல் ஆகியவை எல்லாம் வளியைச் சிறைப்படுத்தும் வழிகள். வெற்றிடமாக்கி வளியை அகற்றும் பெரிய கலன்களைச் சோதிக்கும் முறையொன்றை எடின்பரோவைச் சேர்ந்த பவி, டிக்கு என்னும் இருவரும் உருவாக்கினர்; அது 1963இல் வெளியிடப்பட்டது. பொதிகளின்மேல் ஒட்டப்படும் நிறம்மாறும் பட்டியோ, அப்பொதி வெப்பத்திற்கு உட்பட்டது என்பதை மட்டும் கூறும். நுண்ணங்கி உண்மையாக அழிந்ததா என்பதை அறிய வெப்பந்தாங்கும் பற்றீரியா வித்திகளை உள்ளே வைத்து, பின்னர் அவை வளர்கின்றனவா எனப் பார்ப்பதே உறுதியான சோதனை.

நீராவிக்கு மூலம் நீர். கரையோரத்தின் தனிச்சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. எழுவான்கரையின் நிலத்தடி நீர், மணலின் அடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு மெல்லிய நன்னீர் வில்லை. மழையால் அது தடிக்கும். கோடையிலும் மிகையாக இறைக்கும்போதும் மெலியும். 2004 திசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைக் கடந்தபோது கடல்நீர் கிணறுகளுக்குள் நேரே இறங்கியது. உப்பு நீங்க நெடுங்காலம் சென்றது. இத்தகைய நீரிலுள்ள குளோரைட்டு, துருவேறா உருக்கு எனப்படும் உலோகத்தையும் புள்ளி புள்ளியாகக் குழிபறிக்க வல்லது. கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் உப்புகள் நீராவிக்கலனின் வெப்பச்சுருளின் மீதும் கருவிகளின் மீதும் படிவாகத் தங்கும். குடிப்பதற்கு உவர்ப்புத் தெரியாத நீரிலும் இது நிகழும். குழியும் படிவும் அழகுக்குறை மட்டுமல்ல. அழுக்கும் நுண்ணங்கியும் ஒளிந்துகொள்ளும் இடங்கள் அவை. கத்தரியின் மூட்டில் ஒரு கபில நிறப்புள்ளி தோன்றினால், அதனைக் கழுவியவரின் அசட்டை என்று கூறுவது எளிது. அந்நீரின் குளோரைட்டை எவரேனும் அளந்தார்களா என்று முதலிற் கேட்க வேண்டும். கழுவுதற்குக் கிணற்று நீர் பயன்பட்டாலும், இறுதி அலசலுக்கும் நீராவிக்கும் கனியுப்பு நீக்கப்பட்ட நீர் வேண்டும். இது ஆடம்பரமன்று; கருவியின் ஆயுளை நீட்டுவதால் செலவையும் குறைப்பது.

அடுத்தது ஈரம். நீராவிக்கலனிலிருந்து வெளிவரும் பொதி உலர்ந்ததாக இருத்தல் வேண்டும். ஈரத்துணி, திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, வெளியேயுள்ள நுண்ணங்கிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே நனைந்த பொதி கிருமியற்றதாகக் கொள்ளப்படுவதில்லை. வடகீழ்ப் பருவமழை மட்டக்களப்பில் நவம்பர் முதல் சனவரி வரை கடுமையாகப் பெய்யும். 2011 சனவரி வெள்ளம் இப்பகுதி முழுவதையும் முடக்கியது. அத்தகைய நாட்களில், தரையிலிருந்து உயர்த்தப்படாத தட்டும், சுவரோடு ஒட்டிய அலுமாரியும், கூரை ஒழுகும் களஞ்சியமும் நீராவிக்கலன் செய்த வேலையைச் சத்தமின்றி அழித்துவிடும்.

களஞ்சியத்தின் பங்கு எத்துணைப் பெரியது என்பதை இலங்கை கொடுமையான முறையில் அறிந்துகொண்டது. 2005ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கொழும்பிலே மகப்பேற்றுச் சத்திரசிகிச்சைக்காக முள்ளந்தண்டினுள் உணர்விழப்பு மருந்து ஏற்றப்பட்ட தாய்மாருள் ஐவருக்கு மூளையுறை அழற்சி ஏற்பட்டது. மூவர் இறந்தனர். காரணம் பற்றீரியா அன்று. அசுப்பர்சில்லசு என்னும் பங்கசு. ஆரோக்கியமான இளந்தாயின் மூளையுறையில் அப்பங்கசு காணப்படுவது மிக அரிது. மூலத்தைத் தேடிச் சென்ற ஆய்வாளர்கள், பயன்படுத்தப்படாத பீச்சுகுழல்களிலேயே அதனைக் கண்டனர். ஆழிப்பேரலையின் பின்னர் வெள்ளமெனக் குவிந்த மருத்துவப் பொருள்கள், ஈரமும் வெம்மையும் உள்ள பொருத்தமற்ற களஞ்சியங்களில் அடுக்கப்பட்டிருந்தன. அப்பீச்சுகுழல்கள் மீளப் பயன்பட்டவை அல்ல. ஒரு தடவை பயன்படுத்தி எறியப்பட வேண்டிய, பொதி பிரிக்கப்படாத புதியவை. எறியும் கருவி வந்துவிட்டால் கிருமியழிப்பின் சிக்கல்கள் யாவும் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர் இந்நிகழ்வை மீளப் படித்தல் நன்று.

எறியும் ஊசியின் பயனை இதனாற் குறைத்து மதிப்பிடுவதாகக் கொள்ளலாகாது. 2000ஆம் ஆண்டில் மட்டும், பாதுகாப்பற்ற ஊசிமருந்தேற்றலால் உலகெங்கும் ஏறத்தாழ இரண்டு கோடியே பத்து இலட்சம் பேருக்கு ஈரலழற்சி பி வைரசும், இருபது இலட்சம் பேருக்கு சி வைரசும், இரண்டு இலட்சத்து அறுபதாயிரம் பேருக்கு எச்.ஐ.வி.யும் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். 1980களில் தடுப்பூசித் திட்டங்களுக்காக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கையடக்கமான நீராவிக்கலன்களையும் மீளப் பயன்படும் பிளாத்திக்குப் பீச்சுகுழல்களையும் பரப்பின. ஏற்பாடு அறிவுபூர்வமானது, ஆனால் ஒவ்வொரு கிராமத்திலும் எரிபொருளும் மேற்பார்வையும் நேரமும் இருந்தாலன்றி அது நிற்காது. 1999இல் அதே நிறுவனங்கள், ஒரு தடவை பயன்படுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் பீச்சுகுழலுக்கு மாறுமாறு நாடுகளைக் கேட்டன. ஊசியைப் பொறுத்தவரை அது சரியான முடிவே. எறியும் ஊசியையும் மீளப் பயன்படுத்துவோர் இருக்கும் இடங்களில், 2009இல் குசராத்து மாநிலத்து மொடாசாவிற் போல, ஈரலழற்சி பி பரவிப் பலரைக் கொன்றதையும் நாம் கண்டோம்.

ஆனால் எறியும் பொருள் வந்துசேருவதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது இந்நாட்டு வைத்தியசாலைகளில் மருந்துகளும் உபகரணங்களும் அருகின. மார்ச்சு மாத இறுதியிற் பேராதனைப் போதனா வைத்தியசாலை, குறித்த நேரத்திற்குத் திட்டமிடப்பட்டிருந்த சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. அதனையடுத்து, பச்சிளங்குழந்தைகளின் சுவாசத்திற்காகச் செலுத்தப்படும் குழாய்கள் தீர்ந்துவருவதாகவும், பயன்படுத்தியவற்றை எறியாமற் கழுவிக் கிருமியழித்து வைக்குமாறு தாம் பணித்திருப்பதாகவும் பிரசவகால மருத்துவச் சங்கமொன்றின் தலைவர் பகிரங்கமாக எழுதினார். அம்மருத்துவரைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. குழந்தை மூச்சுவிட வேண்டும், குழாய் இல்லை.

ஒரு தடவைக்கு மட்டும் என்ற குறி, இரண்டு என்ற எண்ணை வட்டத்துள் இட்டுக் குறுக்கே வெட்டிய சின்னமாகப் பொதியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். அக்குறியில் விஞ்ஞானமும் உண்டு, வாணிபமும் உண்டு. செல்வந்த நாடுகளிலும் இவ்வாறான கருவிகள் சில மீளத் தயாராக்கப்படுகின்றன. எனினும் அங்கே அதனைச் செய்பவர், புதிதாக ஆக்குபவருக்குரிய அதே தரங்களை நிறைவேற்ற வேண்டும் என்று ஐக்கிய அமெரிக்க அதிகாரிகள் 2000ஆம் ஆண்டில் விதித்தனர். ஒடுங்கிய குழாயின் உட்புறம் உண்மையில் தூய்மையாயிற்றா, பிளாத்திக்கு 121 பாகையில் நெகிழாதா, ஐந்தாவது தடவையில் விரிசல் விடாதா எனச் சோதித்தறிவதற்கு ஆய்வுகூடம் வேண்டும். விடுதியின் கைகழுவும் தொட்டி அதற்கு ஈடாகாது. நெருக்கடி வரும்போது எதனை மீளப் பயன்படுத்தலாம், எதனை எந்நிலையிலும் கூடாது என்னும் பட்டியலை நெருக்கடிக்கு முன்னரே ஆய்ந்து வைப்பது மருத்துவ நிருவாகத்தின் பொறுப்பாகும். தாங்கக்கூடிய உலோகக் கருவிகள் இருக்கும் துறைகளில் அவற்றை ஒதுக்கி இறக்குமதிப் பிளாத்திக்கையே நம்பியிருப்பது அறிவுடைமையா என்பதும் உடன் ஆராயப்பட வேண்டும்.

இதுவரை கூறியவற்றில் கழுவுபவர், அலசுபவர், அடுக்குபவர் என்று அடிக்கடி வந்த ஒருவரைப் பற்றி இனிக் கூறலாம். வைத்தியசாலைகளில் அவர் பெரும்பாலும் சிற்றூழியர் எனப்படுவார். சொல்லே அவரது இடத்தைக் காட்டுகின்றது. எமது சமுதாயத்திற் குருதி பட்டதைத் தொட்டுத் தூய்மையாக்குதல் நெடுங்காலமாகச் சில குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட தொழில். மகப்பேற்றுத் துணியை வெளுத்தவரும் தொப்புட்கொடி அறுத்த மருத்துவிச்சியும், தாம் செய்த தொழிலின் பயன் எதுவாயினும், துடக்குக்கு உரியவராகவே கருதப்பட்டனர். துடக்கு என்னும் கருத்தும் தொற்று என்னும் கருத்தும் வெளித்தோற்றத்தில் ஒத்தவை போலிருந்தாலும் அடிப்படையில் எதிரானவை. துடக்கு ஆளைச் சார்ந்தது. பிறப்பாலும் உறவாலும் வருவது. நீர் தெளித்தால் அல்லது நாள் கழிந்தால் நீங்குவது. தொற்று பொருளையும் தொடுகையையும் சார்ந்தது; உறவு பார்ப்பதில்லை. ஈரலழற்சி பி வைரசு உலர்ந்த மேற்பரப்பில் ஏழு நாட்களாயினும் உயிர்ப்புடன் இருக்க வல்லது. துடக்கின் கண்கொண்டு பார்ப்பவர், அழுக்குத் தொழிலைச் செய்பவரை விலக்கிவைத்தால் தாம் தூயவரென எண்ணுவார். தொற்றின் கண்கொண்டு பார்ப்பவர், அத்தொழிலைச் செய்பவருக்கே மிகச்சிறந்த பயிற்சியும் ஒளியுள்ள அறையும் உருப்பெருக்கும் கண்ணாடியும் கொடுப்பார்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கருவி கழுவும் அறை வைத்தியசாலையின் எப்பகுதியில் அமைந்துள்ளது, அங்கே தொட்டிகள் இரண்டு உள்ளனவா ஒன்றா, தூரிகைகள் எப்போது மாற்றப்படுகின்றன, ஊசி குத்திய ஊழியர் அதனை முறையிட்டால் சிகிச்சை பெறுகின்றாரா ஏச்சு வாங்குகின்றாரா என்பனவற்றில் அது வெளிப்படும். ஒரு தொட்டி மட்டும் உள்ள இடத்தில் அழுக்குக் கருவியும் கழுவிய கருவியும் ஒரே நீரைப் பகிர்ந்துகொள்ளும். அழுக்கிலிருந்து தூய்மையை நோக்கி ஒரே திசையிற் செல்லும் பாதையே விதி. அறை ஒடுங்கியதாயின் மேசையின் இடப்புறத்தையும் வலப்புறத்தையும் பிரித்தாவது அதனைக் காக்கலாம்.

செட்டிபாளையத்தவர் பெருஞ்சிகிச்சைக்குத் தெற்கே களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ வடக்கே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ செல்வர். குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கு வாவியைக் கடக்கும் பாதையிலும், 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தினூடாகவும் படுவான்கரை மக்கள் இக்கரைக்கு வந்து போகின்றனர். சிறிய மருத்துவ நிலையம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நீராவிக்கலனை வைத்துப் பழுதானபோது கொதிநீருக்குத் திரும்புவதா, அல்லது பெரிய வைத்தியசாலையொன்றின் மத்திய கிருமியழிப்புப் பிரிவில் தயாராக்கிய பொதிகளை மூடிய பெட்டிகளில் வாரந்தோறும் பெறுவதா என்பது இத்தகைய நிலப்பரப்பில் ஆராயத்தக்க தெரிவாகும். பின்னைய முறையில் பயிற்சியும் சோதனையும் நன்னீரும் ஓரிடத்திற் குவியும். ஆயினும் போக்குவரத்தில் பொதி நனையாமலும் கிழியாமலும் வர வேண்டும், மாரியில் பாதை தடைப்படும் நாட்களுக்கு மேலதிகக் கையிருப்பும் வேண்டும். எம்முறையாயினும் கலனருகே ஒரு பதிவேடு இன்றியமையாதது. திகதி, சுமை எண், வெப்பநிலை, நேரம், சோதனைப் பட்டியின் நிறம் ஆகியவை அதிற் பதியப்படும். ஒரு நோயாளிக்குப் பின்னாளிற் காயம் சீழ்கொண்டால், எந்தச் சுமையிலிருந்து அக்கருவி வந்தது, அதே சுமையின் பிற கருவிகள் யாருக்குப் பயன்பட்டன என்று பின்னோக்கிச் செல்ல வேறு வழியில்லை. அப்பதிவேட்டிற் கழுவும் படிக்கும் ஒரு நிரல் சேர்க்கப்பட்டு, அதனைச் செய்த ஊழியர் தம் கையாலேயே ஒப்பமிடுதல் வேண்டும். வாரத்திற்கொருமுறை நீரின் உவர்ப்பை அளந்து எழுதுவதற்கும் அதிலேயே இடமுண்டு.